இருபத்தொன்றாவது சுற்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் ஒரு சொட்டு பீர்கூடக் குடித்திருக்கவில்லை. மே மாதத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு, எங்கள் ஊர்த் தச்சன் ஒருவன் இப்படிச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரனே சிரிப்பான். சிரிக்கட்டும். நடந்தது நடந்ததுதான். 1999, மே 12, புதன்கிழமை. 3.04-க்கு ஆரம்பித்தது. 3.16-க்கு முடிந்தது. பன்னிரண்டே நிமிடம்.

ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பவேரியாவில், ஆற்றங்கரையில், ஒற்றைக் கோபுரப் பேராலயம் இருக்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம் போட்டது இரண்டு கோபுரத்துக்கு. வடக்குக் கோபுரம் முடியவே நூற்றுப்பத்து வருஷம் ஆயிற்று. தெற்குக் கோபுரம் பாதி ஏறியபோது கொள்ளைநோய் வந்து கொத்தர்களில் பாதிப் பேரை வாரிக்கொண்டு போய்விட்டது. கோபுரம் இன்றும் கூரை மட்டத்தில் மொட்டையாக நிற்கிறது. செத்தவர்களை வாசலிலேயே புதைத்தார்கள். சனிக்கிழமை தோறும் சந்தை கூடுகிற சதுக்கம் அதுதான். அங்கே உருளைக்கிழங்கு விற்பவர்களுக்கும் இது தெரியும். யாரும் கண்டுகொள்வதில்லை.

நான் கோர்பினியன். கோர்பி என்று கூப்பிடுவார்கள். பேராலயப் பணிமனையில் தச்சு வேலை. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்குக் கல் வளைகூரைதான் தெரியும். அதற்கு மேலே, ஓட்டுக் கூரைக்கு அடியில், ஒரு பெரிய பரண் இருக்கிறது. பார்த்த பக்கமெல்லாம் ஓக் சட்டங்கள். பட்டப்பகலிலும் இருட்டு. என் பிழைப்பு அங்கேதான்.

பரணின் நடுவில் ஒரு மிதிசக்கரம். நாலு மீட்டர் உயரம். உள்ளே ஆள் நடப்பான், சக்கரம் சுற்றும், அச்சில் கயிறு சுற்றிக்கொள்ளும், கீழிருந்து கல் மேலே வரும். பேராலயம் முழுவதும் இப்படி ஏறியதுதான். வேலை முடிந்தபோது சக்கரத்தை வெளியே எடுக்க வழியில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கூரையைப் போட்டுவிட்டார்கள். உள்ளே இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நடக்க இரண்டு தடம் உண்டு. அந்தக் காலத்தில் அதில் நடந்தவர்கள் கண் தெரியாதவர்கள். பலகை இடுக்கு வழியாகக் கீழே முப்பது மீட்டர் பள்ளம் தெரியும். கண் உள்ளவனுக்குக் கால் நடுங்கும். அதனால்தான் அவர்கள். சதுக்கத்து மூலையில், இப்போது அடுமனை இருக்கிற வீட்டில், அவர்களுக்கென்று ஒரு இல்லம் இருந்தது.

இன்றைக்கு அந்தச் சக்கரத்துக்கு வருஷத்தில் ஒரே ஒரு வேலை. ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா. மரத்தால் செய்த இயேசு சொரூபத்தைக் கயிற்றில் கட்டி, ஜனங்கள் பாடப் பாட, வளைகூரையில் இருக்கிற வட்டத் துளை வழியாக மேலே இழுப்போம். நாங்கள் அதைச் சொர்க்க ஓட்டை என்போம். சாமியார் காதில் விழாமல்தான். சொரூபம் அறுபத்திரண்டு கிலோ. ஒரு ஆள் நடந்தால் போதும். இரண்டாவது தடத்தில் பல தலைமுறையாக யாரும் கால் வைத்ததில்லை.

மேலே போகும்போது சொரூபம் கயிற்றில் மெல்லத் திரும்பும். ஓட்டைக்குள் நுழைகிற நேரத்தில் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அந்த வருஷம் இடிமழை அந்தத் திசையிலிருந்து வரும். இது எல்லோரும் சொல்வது. தாழ்ந்த குரலில் சொல்வது இன்னொன்று. நுழைகிற நேரத்தில் அது யாரை நேராகப் பார்க்கிறதோ, அவர் அடுத்த வருஷ விண்ணேற்றத்தைப் பார்க்க மாட்டார்.

அதனால் திருவிழாவுக்கு முதல் நாள் நடக்கிற ஒத்திகைக்கு ஒரு கட்டுப்பாடு. இருபத்தொரு சுற்று. அதோடு நிறுத்திவிட வேண்டும். சொரூபத்தின் தலை ஓட்டைக்கு ஒரு கை நீளம் கீழே நிற்கும். உள்ளே நுழையவே கூடாது. திரும்பாமல் இருக்க அதன் காலில் ஒரு மெல்லிய கயிறு கட்டி, கீழே ஒருவர் பிடித்துக்கொள்வார்.

வழக்கமாகப் பிடிக்கிறவருக்கு அந்த மே 12 ஒத்திகையன்று பல்வலி. பீடத்துக்குப் பூ வைக்க வந்திருந்த என் மனைவி அகத்தா முன்னால் வந்தாள். அவளுக்கு அப்போது மூன்று மாதம்.

"வேணாம். வேற யாரையாவது கூப்பிடலாம்," என்றேன்.

"எதுக்கு? கயிறத் தானே புடிக்கப்போறேன். மலையையா தூக்கறேன்? நீ போய் நட."

அவள் நின்ற தெற்குத் தூணுக்கு எதிரே, அவள் தம்பி இக்னாஸ் வடக்குத் தூணில் சாய்ந்து நின்று பிரெட்சல் ரொட்டி கடித்துக்கொண்டிருந்தான். பீர் லாரி ஓட்டுகிறவன். வாய் மூடாது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதிச் சிரிப்பு அவனால்தான்.

"மச்சான், மேல போய்த் தூங்கிடாதீங்க. ஆண்டவர் பாதி வழியில தொங்குவாரு."

"நீ முதல்ல கோயிலுக்குள்ள திங்காதடா."

"அக்கா ரெண்டு பேருக்குச் சாப்பிடணுமாம். அவளால முடியல. நான் ஒத்தாசை பண்றேன்."

அகத்தா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டேதான் படியேறினேன். 2.40. இருநூற்றுப் பதினாலு படி.

மேலே ரெஸி அக்கா ஏற்கெனவே இருந்தாள். கோயிலைத் திறந்து மூடுவது, மெழுகுவர்த்தி, மணி எல்லாம் அவள் பொறுப்பு. ஒத்திகையில் ஓட்டையின் ஓரத்தில் குப்புறப் படுத்து, கீழே பார்த்து, எனக்குக் குரல் கொடுக்க வேண்டியதும் அவள்தான். ஓட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அவள் கண்ணுக்கு நான் தெரியமாட்டேன். என் கண்ணுக்கு அவள் தெரியமாட்டாள். குரல் மட்டும்தான். அவள் "நட" என்றால் நடப்பேன். "நில்" என்றால் நிற்பேன். நின்றதும் அவள் தடுப்பின் இடுக்கு வழியாக ஒரு அடைக்கட்டையைச் சக்கரத்தின் விளிம்பில் செருகுவாள். அதற்கு முன்னால் நான் வெளியே வரக் கூடாது. வந்தால் சக்கரம் பின்னோக்கிப் பிய்த்துக்கொண்டு போகும். சொரூபம் கீழே விழும்.

கீழே அகத்தா நிற்கிறாள்.

3.04. "நட!" என்றாள் ரெஸி அக்கா.

நடந்தேன். ஒரு ஆரக்காலில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அது என்னைக் கடக்கும்போது ஒரு சுற்று. ஒன்று... இரண்டு... மூன்று... என் தலைக்கு மேலே ஒரே ஒரு விளக்கு. பலகைகள் ஒவ்வொரு அடிக்கும் முனகும். கிரீச்... கிரீச்... கிரீச்... பதினோரு வருஷமாகக் கேட்கிற சத்தம்.

ஏழாவது சுற்றில் சக்கரம் லேசானது.

அச்சுக்குப் போன வாரம் நானே கொழுப்புத் தடவியிருந்தேன். பரவாயில்லையே, நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறோம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். முட்டாள். கொழுப்புத் தடவினால் முதல் சுற்றிலேயே லேசாகும். ஏழாவதில் ஆகாது. அது அப்போது தோன்றவில்லை.

பத்தாவது சுற்று. ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளி. வெங்காயம். பரணில் மரவாடையும் புறா எச்சமும் தவிர எதுவும் இருக்காது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தேன்.

பதினொன்று. கிரீச்... கிரீச் கிரீச்... கிரீச்... கிரீச் கிரீச்...

நான் ஒரு அடி வைத்தால் இரண்டு முனகல்.

இக்னாஸ்தான் என்று நினைத்தேன். இந்த மாதிரி விளையாட்டு அவனுக்குக் கை வந்த கலை. பூனை மாதிரி படியேறி வந்து பக்கத்துத் தடத்தில் ஏறியிருப்பான். எரிச்சலாக வந்தது. நடந்துகொண்டே, திரும்பாமல் சொன்னேன்.

"டேய் இக்னாஸ், இறங்கிப் போயிடு. விளையாடற இடமா இது?"

மூச்சு மட்டும் கேட்டது. மெதுவான, கரகரப்பான மூச்சு. என் இடது காதுக்குப் பக்கத்தில்.

அதே சமயம் ஓட்டை வழியாகக் கீழிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. சின்னதாக, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. இக்னாஸின் சிரிப்பு.

அவன் கீழே இருந்தான்.

இடது பக்கம் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது.

யாரும் இல்லை.

ஆனால் பக்கத்துத் தடத்தின் பலகைகள் அழுந்தின. ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொஞ்சம் தூசி கிளம்பியது. பலகையோடு அப்பிக் கிடந்த நூறு வருஷத் தூசி. அதில் ஒரு தடம் பதிந்தது. வெறுங்கால். விரல்கள் அகலமாக விரிந்திருந்தன. தரையைத் தடவித் தடவி வைக்கிற கால்.

என் கடிகாரத்தைப் பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை. 3.11.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். வெளியே குதித்துவிடலாமா? குதித்தால் சக்கரத்தை யார் பிடிப்பது? அறுபத்திரண்டு கிலோ மரம். இருபது மீட்டர். கீழே கயிற்றைப் பிடித்தபடி அகத்தா.

நடந்தேன். வேறு என்ன செய்ய?

பதினேழு... பதினெட்டு...

இன்னும் மூன்றுதான். நிறுத்தச் சொல்வாள். நிறுத்திவிடலாம். நிறுத்திவிட்டு ஓடிவிடலாம்.

பத்தொன்பது...

இருபது...

"நில்லு!" ரெஸி அக்கா.

சிவப்புத் துணி என்னைக் கடந்தது. இருபத்தொன்று. நான் நின்றேன்.

சக்கரம் நிற்கவில்லை.

என் காலடிப் பலகை பின்னால் போனது. என்னையும் இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஏறியது. தடுமாறி முழங்காலில் விழுந்தேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருக்கும். எழுந்தேன். மறுபடி நடந்தேன். நடந்தே ஆக வேண்டியிருந்தது.

"நில்லுடா! கோர்பி! போதும், நில்லு!"

கிரீச்... கிரீச்... கிரீச்...

அது என் அடி இல்லை.

"ரெஸி அக்கா... கட்டை... கட்டையப் போடு!"

குரல் வந்ததா என்றே தெரியவில்லை.

கீழே அகத்தா ஏதோ கத்தினாள்.

இருபத்திரண்டு.

மூச்சு நின்றது. காதுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு.

சக்கரமும் நின்றது. தானாக.

டக். அடைக்கட்டை விழுந்தது. 3.16.

வெளியே எப்படி வந்தேன் என்பது நினைவில்லை. தடுப்பைச் சுற்றி ஓடினேன். சொரூபம் முழுவதும் மேலே வந்திருந்தது. ஓட்டைக்கு மேலே கயிற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ரெஸி அக்கா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ரெண்டு பேரா நடந்தீங்க?" என்றாள்.

"இல்ல."

"பொய் சொல்லாத. எனக்குக் காது இருக்கு. நான் நில்லுன்னு கத்தறேன், நீ 'இன்னும் கொஞ்சம்'னு சொல்ற. திரும்பத் திரும்பச் சொல்ற."

"அக்கா, கட்டையப் போடுன்னு கத்தினதத் தவிர நான் எதுவும் சொல்லல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று மாலையே சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்து ஊரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவே இல்லை.

நான் இருநூற்றுப் பதினாலு படியையும் ஒரே ஓட்டமாக இறங்கினேன். அகத்தா தெற்குத் தூணருகே அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கயிறு அவள் கையை உருவிக்கொண்டு மேலே போயிருந்தது. உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு. ஒத்திகைக்கு அளந்து வெட்டிய கயிறு. இருபத்தொரு சுற்றுக்கு மேல் எட்டாது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"கயிறு போனதும் அது திரும்பிச்சு, கோர்பி. மெதுவா... என் பக்கம் வந்து நின்னுச்சு. அப்படியே உள்ள போச்சு."

இக்னாஸ்தான் பேசினான். அவனால்தான் அது முடியும்.

"அட, ஆண்டவரே அக்காவப் பாத்துட்டுப் போயிருக்காரு. பையன் பொறந்தா குருமடத்துல சேத்துச் சாமியாராக்கிட வேண்டியதுதான். எனக்கு வெறும் முதுகுதான்."

அகத்தா அவன் தோளில் குத்தினாள். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் திருவிழா ஒழுங்காக நடந்தது. சொரூபம் மேற்குப் பக்கம், சதுக்கத்து வாசலைப் பார்த்தபடி உள்ளே போனது. ஒத்திகையெல்லாம் கணக்கில் வராது என்றார் சாமியார். ஆனால் சந்தையில் கிழவிகள் அகத்தாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். முதலில் எது உள்ளே போனதோ அதுதான் கணக்கு. அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த ஒரு வருஷம் நான் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்ல முடியாது. ஏணியில் ஏறாதே. சைக்கிளைத் தொடாதே. ஏரிக்குப் போகாதே. படியில் நான் முன்னால், அவள் பின்னால். ராத்திரியில் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பேசாம என்னைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டிடு. ஞாயித்துக்கிழமை மெழுகுவர்த்தி ஏத்து."

"இன்னும் எட்டு மாசம்தான். பொறுத்துக்கோ."

"அந்த மரக்கட்டைக்குப் பயந்தா?"

ஆமாம். அந்த மரக்கட்டைக்குப் பயந்துதான். நவம்பரில் பிரசவம். நான் மருத்துவமனை நடையில் பதினாறு மணி நேரம் நின்றேன். பெண் குழந்தை. லேனி என்று பெயர் வைத்தோம். தாயும் பிள்ளையும் நலம். அப்போதும் எனக்கு நிம்மதி வரவில்லை. விண்ணேற்றத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

2000, பிப்ரவரி 20. ஞாயிற்றுக்கிழமை. லேனிக்குக் காய்ச்சல். 39.4 டிகிரி செல்சியஸ். அன்று திறந்திருந்த மருந்துக்கடை பதினோரு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம். சாலையெல்லாம் பனி உறைந்து கண்ணாடி மாதிரி கிடந்தது. எனக்கு ஜனவரியில் கணுக்கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். அகத்தா கார் சாவியை எடுத்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"விடு கோர்பி! பிள்ளை உடம்பு கொதிக்குது!"

"நீ போகக் கூடாது. நீ மட்டும் போகக் கூடாது. நான் இக்னாஸக் கூப்பிடறேன்."

11.20-க்குப் போன் செய்தேன். அவன் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், எங்கக்காவ விட எனக்கு ஆயுசு கெட்டின்னு யாரு உங்களுக்குச் சொன்னது?" என்று சிரித்தான். "சரி சரி, கிளம்பறேன். பாப்பாவுக்கு மாமா வர்றான்னு சொல்லுங்க."

12.25. திரும்பி வரும்போது பாலத்தில் கார் சறுக்கியது. கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில்.

2.10-க்குப் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். அவர் கையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. மருந்து. இக்னாஸ் அதைச் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டிருந்தானாம். பாட்டில் உடையவில்லை. அந்த மருந்தைத்தான் பிள்ளைக்குக் கொடுத்தோம். மாலைக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

இப்போது ஒன்று சொல்கிறேன். என்னைக் காறித் துப்பினாலும் பரவாயில்லை. அடக்கத்தன்று, அகத்தா குழியருகில் என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தபோது, எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு வந்தது அவனோடு போயிற்று. கணக்குத் தீர்ந்தது. இவள் பிழைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைத்தேன். இக்னாஸை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருஷ விண்ணேற்றம் ஜூன் முதல் தேதி வந்தது. போனது. அகத்தா உயிரோடு இருந்தாள். அன்றிரவுதான் ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் தூங்கினேன்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் கல்லறையில் அவள் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள். "அன்னிக்கு நான் போயிருந்தா அவன் இருந்திருப்பான்." நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். அப்படியே ஒன்பது வருஷம் போனது.

2009, அக்டோபர். சொரூபத்தின் கழுத்தில் விரிசல் விட்டது. பழுது பார்க்க முனிச்சுக்கு அனுப்பினோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.15-க்கு அங்கிருந்து போன். லாட்னர் என்ற பெண், பழைய மரச்சிற்பங்களைச் செப்பனிடுகிறவர்.

"நேர்ல வந்து பாத்தா நல்லது," என்றார்.

போனேன். வெளிச்சப் பலகையில் எக்ஸ்ரே படம் ஒன்றை மாட்டியிருந்தார். சொரூபத்தின் தலை. பக்கவாட்டில் எடுத்தது.

"இந்தப் பக்கம் முகம். உங்களுக்குத் தெரிஞ்ச முகம்தான். இப்ப பின்மண்டையப் பாருங்க. முடி தெரியுதா? அது மரம் இல்ல. சுண்ணாம்புப் பூச்சு. ரெண்டு விரல் கனம்."

"அதுக்கு அடியில?"

அவர் விரலை வைத்துக் காட்டினார். நெற்றி. மூக்கு. உதடு. தாடை.

இன்னொரு முகம்.

"எது பழசு?" என்றேன்.

"இதுதான். பேராலயம் கட்டின காலத்து வேலை. நீங்க முகம்னு நினைக்கறது முந்நூறு வருஷம் கழிச்சு முதுகுப் பக்கம் செதுக்கினது. கையெல்லாம் கழட்டித் திருப்பி மாட்டியிருக்காங்க. பழைய முகத்தை மூடிட்டாங்க."

"ஏன்?"

"எங்கயும் எழுதி வைக்கல."

ரயிலில் திரும்பி வரும்போது கண்ணை மூடினால் ஒரே காட்சி. தெற்குத் தூணில் அகத்தா. சொரூபம் அவள் பக்கம் திரும்பி உள்ளே போகிறது. அதன் முதுகுக்கு நேரே வடக்குத் தூணில், வாயில் பிரெட்சலோடு, அண்ணாந்து பார்த்தபடி இக்னாஸ்.

அது அகத்தாவைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு எதுவும் வரவில்லை. அவனுக்குப் பதில் அவள் என்பதும் இல்லை, அவளுக்குப் பதில் அவன் என்பதும் இல்லை. போனை எடுத்துக் கூப்பிட்டு, சாப்பாட்டிலிருந்து எழுப்பி, அந்தப் பாலத்துக்கு அவனை அனுப்பியது நான்.

அகத்தா கேட்டாள், என்ன சொன்னார்கள் என்று. பூச்சு உரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. லாட்னரின் அறிக்கை பேராலய அலமாரியில் தூங்குகிறது. சொரூபம் திரும்பி வந்துவிட்டது. விரிசலை ஒட்டி, பின்னந்தலை முடியையும் புதிதாகத் தீட்டி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. திருவிழாவன்று சொரூபம் மேலே ஏறும்வரை எல்லோரும் சுற்றி நின்று பாடுவார்கள். கடைசி இரண்டு மூன்று சுற்றில், அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, மெல்ல நகர ஆரம்பிப்பார்கள். யாரும் பயம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கூட்டத்தில் காற்று வரவில்லை என்பார்கள். ஆனால் அது உள்ளே நுழைகிற நேரத்தில் முகத்துக்கு எதிரே ஒரு ஈ காக்கைகூட இருக்காது. எல்லோரும் முதுகுப் பக்கம் போய் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு.

சக்கரத்துக்குள் இருக்கிற என் கண்ணுக்கு அது தெரியாது. காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். நூற்றுக்கணக்கான கால்கள் ஒரே பக்கமாக நகரும். ஒவ்வொரு வருஷமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். அகத்தாவை அன்றைக்கு ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டில் இருக்க வைத்துவிடுவேன். லேனியும் ஹாம்பர்க்குக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையும் தேடிக்கொண்டாள். நல்லதாகப் போயிற்று என்று இருந்தேன்.

இந்த வருஷம் மே 29. விண்ணேற்றம். நடந்து முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு 12.40-க்கு வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் பேச்சுச் சத்தம். அகத்தா சிரித்துக்கொண்டிருந்தாள். மேஜையில் லேனி உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி ரயில் பிடித்து, நேராகக் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள்.

"அப்பா! உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் போன் பண்ணல," என்றாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான்ப்பா எனக்கு நல்ல இடம் கிடைச்சுது. அது உள்ள போற வரைக்கும் நகரவே இல்ல. முதுகுக்கு நேர் பின்னாடி நின்னேன்."